காயம்பட்ட குழந்தையும் முதலுதவியும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு அப்பால், திருவாலங்காட்டுக்கு முந்திய நிலையம் மணவூர். 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னாட்டின் முதல் இரயில் வண்டி ஓடியபோது இவ்வழியாகத்தான் ஓடிற்று. அந்த ஊரில், 1908-ஆம் ஆண்டில், வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனை வெறிநாய் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அலறல் கேட்டுத் தாய் ஓடி வருகிறாள். கணுக்காலில் பல் பதிந்து இரத்தம் வடிகிறது. மருத்துவர் அருகில் இல்லை. அடுத்த கால் மணி நேரத்தில் அவள் கை எதை எடுக்கும்?

நிகழ்ச்சி கற்பனைதான், கேள்வி கற்பனையன்று. முதலுதவியின் வரலாறு என்பதே அந்தக் கை எதை எடுத்தது, பின்பு எதை எடுக்கக் கற்றுக்கொண்டது என்பதன் வரலாறு.

அவள் கைக்கு எட்டியது அடுப்பங்கரை. வெட்டுக்காயத்துக்கு மஞ்சளோ காப்பிப் பொடியோ வைத்து அழுத்துவார்கள். தீப்புண்ணில் மாவைத் தடவுவார்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் மையை ஊற்றுவார்கள். நாய்க்கடிக்கோ மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும். சில இடங்களில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு. விஷத்தை எரிச்சல்தான் முறிக்கும் என்பது இதன் உட்கருத்து. இதைப் பட்டிக்காட்டு அறியாமை என்று நகைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. ஐரோப்பாவின் தேர்ந்த மருத்துவர்களும் அதையே நம்பினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் துப்பாக்கிக் காயத்தில் விஷம் இருப்பதாக எண்ணி, அதில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். பிரெஞ்சுப் படையிலிருந்த அம்புரோவாஸ் பாரே என்னும் இளம் ரண வைத்தியர், ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோகவே, முட்டையின் மஞ்சட்கருவும் ரோஜாத் தைலமும் கர்ப்பூரத் தைலமும் கலந்து வைத்துக் கட்டினார். இரவெல்லாம் அவருக்கு உறக்கமில்லை. விடிந்து பார்த்தபோது, எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் சுரத்திலும் வலியிலும் துடித்தார்கள். மற்றவர்கள் அமைதியாகத் தூங்கியிருந்தார்கள். அதன்பின் அவர் எண்ணெயைத் தொடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வரலாற்றைத் திருப்பிவிட்டவை இரண்டு சிறுவர்களின் காயங்கள். 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவனின் காலின் மேல் வண்டிச் சக்கரம் ஏறிற்று. எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தது. அக்காலத்தில் இத்தகைய முறிவு சீழ் பிடிப்பது வழக்கம். உயிரைக் காக்கக் காலையே வெட்டி எடுப்பதும் வழக்கம். ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். நான்கு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று, பையன் நடந்தான். காயத்தைக் கெடுப்பது கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளே என்னும் பாஸ்டரின் கொள்கையை லிஸ்டர் நம்பியதன் பயன் அது.

இரண்டாம் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டர். அல்சேஸ் நாட்டவன், வயது 9. 1885-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி வெறிநாய் ஒன்று அவனைப் பல இடங்களிற் கடித்தது. உள்ளூர் மருத்துவர் பல மணி நேரம் கழித்துக் காயங்களை எரித்தார். எதனால் என்றால், அதே கார்பாலிக் அமிலத்தால்! ஒருவன் காலைக் காத்த மருந்து இங்கே போதவில்லை. தாய் அதோடு நிற்கவில்லை. மகனை அழைத்துக்கொண்டு பாரிஸ் நகரம் சென்று, ஜூலை 6-ஆம் தேதி பாஸ்டரின் முன் நின்றாள். பாஸ்டர் மருத்துவர் அல்லர், வேதியியல் அறிஞர். அவருடைய தடுப்பு மருந்தை வேறொரு மருத்துவர் ஊசி வழியாகச் செலுத்தினார். 11 நாட்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். வளர்ந்தபின் பாஸ்டர் நிலையத்திலேயே காவலராகப் பணிபுரிந்தான். பாஸ்டரின் பெயரை உலகம் அறியும். அந்தத் தாயின் இரயில் பயணத்தையும் நாம் சற்று நினைத்துப் பார்க்கலாம். அவள் ஊரிலேயே இருந்திருந்தால் இக்கதை இல்லை.

இனி மணவூருக்குத் திரும்புவோம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தல் மிக மிக அரிது. தோன்றுமுன் தடுப்பதே வழி. இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் 1900-ஆம் ஆண்டு அமைந்தது. தென்னாட்டவருக்கு அது எட்டாத் தொலைவு. 1902-ஆம் ஆண்டு லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்பவர் வெறிநாய்க்கடியால் இறந்தது, தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் கொடையும் சேர, 1907-ஆம் ஆண்டு நீலகிரியில் குன்னூரில் அது திறக்கப்பட்டது. ஆகவே, நாம் கற்பனை செய்த தாய்க்கு 1908-இல் ஒரு வழி இருந்தது. மணவூரில் வண்டி ஏறி, அரக்கோணத்தில் மாறி, இரவெல்லாம் பயணம் செய்து மேட்டுப்பாளையம் சேர்ந்து, அங்கிருந்து பற்சக்கரத்தால் மலையேறும் சிறு இரயிலில் குன்னூர் போய், இரண்டு மூன்று வாரம் தங்க வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது எளிதா? மிளகாய்ப் பொடியோடு நின்றுவிட்டவர்களைக் குறை சொல்லுமுன் இந்தப் பயணச் செலவையும் எண்ணுதல் வேண்டும். பின்னர், 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்தைப் புட்டியில் அடைத்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் சொல்லி அச்சுறுத்தினார்களே, அது இந்த மருந்துதான். இந்தியா 2004-ஆம் ஆண்டோடு அதைக் கைவிட்டது.

ஊசி வந்தது, காயத்தை முதலில் என்ன செய்வது என்ற கேள்வியோ நெடுநாள் தீரவில்லை. அமிலமிட்டுச் சுடுவதை மருத்துவ நூல்களும் பரிந்துரைத்து வந்தன. 1960-களில் விலங்குகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள், கடித்தவுடன் சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவினாலே நோய் பெரிதும் குறையும் என்று காட்டின. காரணம் எளிது: நாயின் எச்சிலோடு வந்த நுண்கிருமி, நரம்பைச் சேருமுன் சிறிது காலம் காயத்திலேயே தங்குகிறது, அதன் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு கொழுப்பைக் கரைக்கும். மிளகாயும் சுண்ணாம்பும் அதைக் கரைப்பதில்லை, சதையைப் புண்ணாக்கும். 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுக் கழுவுதல் என்பதே இன்று உலகச் சுகாதார நிறுவனம் கூறும் முதற்செயல். ஐயத்துக்குரிய விலங்குகளால் கடிக்கப்படுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் அந்நிறுவனம் சொல்கிறது.

முதலுதவி என்னும் சொல்லுக்கே வயது அதிகமில்லை. லண்டனில் புனித ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் 1877-ஆம் ஆண்டு தோன்றிற்று. மறு ஆண்டு பீட்டர் ஷெப்பர்டு என்னும் படை மருத்துவர் வூலிச் நகரில் பொதுமக்களுக்கு அதைப் பாடமாக நடத்தினார். 1879 ஜனவரியில் ஜூலூ போரில் அவர் உயிர் நீத்தார். பாடம் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் அதைப் ‘பிரதம சிகிச்சை’ என்றும் வழங்கினார்கள். சாரணர் இயக்கமும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் பள்ளிப் பிள்ளைகளிடம் அதைக் கொண்டுசென்றன.

ஆனால், அச்சிட்ட பாடமும் தவறியதுண்டு. பாம்பு கடித்தால் கயிற்றால் இறுகக் கட்டிக் கடிவாயைக் கீறு என்று முதலுதவி நூல்கள் நெடுங்காலம் போதித்தன. இன்று இரண்டும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்துக் குழந்தையை விரைந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதே முறை. தீப்புண்ணுக்கு 1925-க்குப் பின் டானிக் அமிலம் புகழ்பெற்றது. அது கைவசம் இல்லையேல் கெட்டியான தேநீரை ஊற்று என்றார்கள்! 1940-களில் அது கல்லீரலைக் கெடுப்பது தெரிந்து கைவிடப்பட்டது. இன்று தீப்புண்ணுக்கு முதலில் வேண்டுவது 20 நிமிஷம் குளிர்ந்த ஓடும் தண்ணீர் மட்டுமே. பனிக்கட்டியும் வேண்டாம், மாவும் வேண்டாம், மையும் வேண்டாம்.

மணவூர்ச் சிறுவனை இன்று நாய் கடித்தால் குன்னூர் போகவேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் மேற்கையில் நான்கைந்து தவணை ஊசி. காயம் ஆழமாயின் அதைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்பு மருந்தும் உண்டு. அங்கே போய்ச் சேருமுன், கொல்லைக் குழாயைத் திறந்து, அழுகிற பிள்ளையின் காலைப் பிடித்து, 15 நிமிஷம் கழுவுகிற வேலை இன்றும் வீட்டிலிருப்பவரையே சேர்ந்தது. 1908-இல் அந்தத் தாயின் வீட்டிலும் தண்ணீர் இருந்தது.