துண்டுச் சீட்டும் கடவுச்சீட்டும்

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில், முன்பு என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமியில் உள்ள ஒரு சிற்றூர் அவனுடையது. கையில் ஒரு தாள். கண்ணிலே கனவு.

"வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது ஐயா. நாளும் குறித்தாகிவிட்டது" என்றான்.

நாள் குறித்தவர் சோதிடர். சூலம் எந்தத் திசையில் என்று பார்த்தாயிற்று. இராகுகாலம் பார்த்தாயிற்று. முகவருக்குப் பணம் கட்ட, இருக்கும் ஒரு துண்டு நிலத்தை அடகு வைக்க ஆளும் பார்த்தாயிற்று. பார்க்கப்படாமல் எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அவன் கையில் இருந்த அந்தத் தாள்! ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த அதில் அவன் கையெழுத்து மட்டும் தமிழில் இருந்தது.

அந்தத் தாளைப் படித்தபோது, நூறாண்டுகளுக்கு முன்பு நம் மாவட்டத்து மக்கள் மடியில் முடிந்து வைத்திருந்த மற்றொரு தாள் என் நினைவுக்கு வந்தது. அதன் பெயர் 'துண்டு'. அதன் கதையைக் கேளுங்கள், தோழர்களே! கடல் கடக்க எண்ணும் ஒவ்வோர் இளைஞனும் அறிய வேண்டிய கதை அது.

ஏன் போனார்கள்?

1820களின் பிற்பகுதியிலிருந்து இலங்கை மலைகளில் வெள்ளையர் காப்பித் தோட்டங்கள் போட்டனர். காடு வெட்டவும் கன்று நடவும் ஆள் வேண்டியிருந்தது. அக்கரையில் ஆள் தேவை. இக்கரையில் சோறு தேவை. மதுரை, திருச்சி, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஆட்கள் புறப்பட்டனர். திண்டுக்கல் சமவெளி அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி.

ஆசை பிடித்தா போனார்கள்? அல்ல. வானம் வஞ்சித்தது, வட்டி வாட்டியது, சாதி மிதித்தது. சென்றோரில் பெரும்பகுதியினர், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டுப் பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்த ஒடுக்கப்பட்ட மக்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டிமார் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வைத்திருந்தனர். 1875 இல் திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் புகைவண்டி வந்திருந்தது. அந்தத் தண்டவாளம் ஊருக்குத் தானியம் கொணர்ந்ததைப் போலவே, ஊரிலிருந்து உயிர்களையும் கொண்டு சென்றது.

அதற்கு முன் சென்றவர்கள் நடந்தே சென்றனர். கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், பின்னர் வடபுலத்துக் காட்டு வழியே மாத்தளை மலை வரை மீண்டும் நடை. காலராவும் காய்ச்சலும் வழிநெடுகக் காத்திருந்தன. காப்பிச் செடியின் வேருக்கு எருவாகும் முன்பே, பாதையோரத்தில் மண்ணானவர் பலர்.

யாரை நம்பிப் போனார்கள்?

கங்காணியை! அவன் அயலான் அல்லன். நம் ஊரான், பலருக்கு உறவினன், நம் மொழி பேசுபவன். கோட்டும் தலைப்பாகையுமாக வந்து திண்ணையில் அமர்ந்து, முன்பணத்தை எண்ணிக் கையில் வைத்தான். ஊர்க்கடன் அடைந்தது. அந்த நொடியிலேயே தோட்டக்கடன் பிறந்தது! முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி யாவும் தொழிலாளியின் பற்றுக் கணக்கில் ஏறின. கணக்கு எழுதியவன் ஒருவன். கடன் பட்டவன் வேறொருவன். படிக்கத் தெரிந்தவன் முன்னவன் மட்டும்.

தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக வேண்டுமா? அப்போது வரும் அந்தத் துண்டு. இவன் இவ்வளவு கடன் பட்டிருக்கிறான். அதைத் தருபவர் இவனை அழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஆளை விற்பதில்லை என்றனர். ஆளின் கடனை விற்றனர். கடன் போன இடத்துக்கு ஆளும் போனான். 1921 இல்தான் இந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

1914 இல் பாம்பன் பாலம் திறந்தது. தனுட்கோடி வரை இரயில், தலைமன்னார் வரை கப்பல் எனப் பயணம் எளிதாயிற்று. மண்டபம் முகாமில் நிறுத்தி, மருந்திட்டு, நோய் இல்லை என்று கண்டபின் அனுப்பினர். உடல் சோதிக்கப்பட்டது. உரிமை? அதைச் சோதித்தவர் யார்?

திரும்பலாம் என்ற நினைப்பு

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காப்பிக் காலத்தில் சென்றவர், பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1869 க்குப் பின் இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கோ பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கினர். அங்கேயே பிள்ளை பிறந்தது; அங்கேயே பேரன் பிறந்தான். 'அடுத்த ஆண்டு ஊருக்குப் போகலாம்' என்று சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை முடிந்தது. குடியேறுவது என்று எவரும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாமலே குடியேறிவிட்டனர்.

1948 இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் கொணர்ந்தது. நீ இங்கே பிறந்தது போதாது. உன் தந்தையும் இங்கே பிறந்தான் என்று காட்டு, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது சட்டம். லயத்து இருட்டறையில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று ஏது? முந்திய ஆண்டுத் தேர்தலில் வாக்களித்து ஏழு உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், நாடற்றவராயினர். 1949 இல் இன்னொரு சட்டம்: தொடர்ந்து குடியிருந்ததை மெய்ப்பித்தால் குடியுரிமை உண்டு என்றது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. கிடைத்தது ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேருக்கு!

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர் கணக்கில் வந்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கப்பட்டனர். 1974 இல் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்தனர். பாகப்பிரிவினையில் பாத்திரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இந்த மக்களைக் கேட்டார் யார்?

பாட்டன் போன அதே மண்டபம் முகாம் வழியே பேரன் திரும்பினான். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த கைக்கு, கடை வைக்கக் கடன் கொடுத்தனர். கடை நொடித்தது, கடன் நின்றது. நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் மீண்டும் கூலியாகச் சென்றனர் பலர். அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர், இங்கே 'சிலோன்காரர்' என்று ஒதுக்கப்பட்டனர். அங்கே தங்கிவிட்டோரில் நாடற்றவராய் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள், தோழர்களே!

இன்று கேட்க வேண்டியவை

அவர்களை அறிவிலிகள் என்று எவரும் எள்ள வேண்டா. பசித்தவன் படகு ஏறினான். அவனுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. நமக்கோ எழுத்து இருக்கிறது. இருந்தும் படிக்காமல் கையெழுத்திட்டால், குற்றம் யாருடையது?

என் மாணவனிடம் அந்த வரலாற்றைச் சொன்னேன். பின்னர் இருவரும் அமர்ந்து கேள்விகளை எழுதினோம்.

அழைத்துச் செல்பவர் யார்? 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவரே அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். இவர் பதிவு பெற்றவரா? ஊரான், உறவினன் என்பது பதிவு ஆகாது; கங்காணியும் ஊரான்தான்!

பயணச் செலவு யாருடையது? கடனாயின், எத்தனை மாதக் கூலியில் அடையும்? அடையும் வரை வேலையை விட முடியுமா?

ஒப்பந்தம் எந்த மொழியில்? அங்கே போனபின் வேறொரு தாளை நீட்டினால் எது செல்லும்? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? வளைகுடா நாடுகளில் நெடுங்காலம் நிலவிய கஃபாலா முறை, தொழிலாளி தங்குவதையும் வெளியேறுவதையும் முதலாளியின் விருப்பத்தோடு பிணைத்தது. துண்டின் தம்பி அன்றோ அது!

அந்நாட்டுச் சட்டத்தில் நீ யார்? தொழிலாளியா, விருந்தாளியா, குடிமகனாகக் கூடியவனா? உன் பிள்ளை அங்கே பிறந்தால் அது எந்த நாட்டுப் பிள்ளை? வேலை போனால், நோய் வந்தால், போர் மூண்டால் திரும்பி வர வழி என்ன? 1942 இல் சப்பானியர் படை புகுந்தபோது, பர்மாவிலிருந்து காடு மலை கடந்து நடந்தே வந்த தமிழர் நினைவு நமக்கு வேண்டாமா?

பத்துக் கேள்விகள் ஆயின. முகவரிடம் விடை கேட்கச் சொன்னேன். அவன் சென்று கேட்டான். மூன்றுக்கு விடை வந்தது. ஏழுக்குச் சினம் வந்தது. நிலத்தை அடகு வைக்காமல் திரும்பினான். இப்போது பதிவு பெற்ற வேறொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. எல்லா ஊரும் நம் ஊர் என்று உரைத்த இனம் இது. கிணற்றுத் தவளையாய்க் கிடப்பது நம் மரபன்று. போ, தம்பி! கடல் கடந்து போ, பொருள் ஈட்டு, புதியன கற்று வா. ஆனால் போகும் திசையில் சூலம் இருக்கிறதா என்று பாராதே. கையெழுத்திடும் தாளில் கண்ணி இருக்கிறதா என்று பார். நல்ல நேரம் என்பது, எல்லாவற்றையும் படித்து முடித்த நேரம்தான்.