பின்னதைக் கற்றார்க்கு முன்னது வேண்டுமோ?

ஒரு கதையின் பிற்பகுதியை முதலில் அறிந்துகொண்ட ஒருவர், அதன் முற்பகுதியைத் தேடிச் சென்று கற்க வேண்டுமா? முடிவு தெரிந்துவிட்டது, மாந்தர் யாவர் எனத் தெரிந்துவிட்டது. இனிப் பழையதற்குள் புகுவதால் வரும் பயன் யாது? எளிய வினாவாகத் தோன்றினும், தமிழ் இலக்கியத்தைப் பயில்வோரும் பயிற்றுவோரும் தவிர்க்க இயலாத வினா இது. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் நம் கையில் இருக்கும்வரை இவ்வினாவும் இருந்துகொண்டே இருக்கும்.

இக்காலப் பிள்ளைகளுக்கும் இவ்வினா புதியதன்று. கணினியில் வேடமேற்று ஆடும் ஆட்டங்கள் பாகம் பாகமாக வெளிவருகின்றன. ‘பால்டர்ஸ் கேட்’ என்னும் ஆட்டத்தின் முதற்பாகம் 1998இலும், இரண்டாம் பாகம் 2000இலும், மூன்றாம் பாகம் 2023இலும் வந்தன. மூன்றாவதை ஆடி முடித்த இளைஞர், கால் நூற்றாண்டுப் பழைமையுடைய முதலாவதை ஆடலாமா, விட்டுவிடலாமா என்று தம்முள் வழக்காடுகின்றனர். பழையது கரடுமுரடானது, புதியதன் வசதிகள் அதில் இல்லை என்பது ஒரு சாரார் கூற்று. புதியதில் வரும் மாந்தரின் வேர் பழையதில் கிடக்கிறது என்பது மறுசாரார் கூற்று. இவ்விரு கூற்றும் இரட்டைக் காப்பியங்களுக்கும் அப்படியே பொருந்துதல் காண்க. அன்றியும், சிலம்பு வேடமேற்று ஆடுதலையே தன் உயிர்நிலையாகக் கொண்ட காப்பியம் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

முன்னது எது, பின்னது எது?

கதை நிகழ்ச்சியால் சிலம்பு முன்னது. கோவலன், கண்ணகி, மாதவி ஆகியோர் வாழ்வை அது கூறுகின்றது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளின் துறவை மேகலை கூறுகின்றது. சிலம்பின் இறுதியிலுள்ள நூற்கட்டுரையே, அந்நூற்பொருள் மணிமேகலையோடுதான் முற்றுப்பெறும் என உரைக்கின்றது. அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றும் சிலம்பிலும், வீடு மேகலையிலும் அமைந்து, இரண்டும் சேர்ந்தே நாற்பொருளும் நிரம்புகின்றன என்று கொள்வதும் மரபு.

இயற்றப்பட்ட முறையை நோக்கின் செய்தி இன்னும் சுவையுடையது. வஞ்சியில் இளங்கோவடிகளுடன் இருந்த சாத்தனார் கண்ணகியின் வரலாற்றைச் சொல்ல, அதுகேட்டு அடிகள் பாடினார் என்றும், பாடியதைச் சாத்தனார் கேட்டார் என்றும் சிலம்பின் பதிகம் கூறும். மேகலையின் பதிகமோ, சாத்தனார் பாட இளங்கோ கேட்டார் என்கின்றது. ஒருவர் நூலுக்கு மற்றவர் முதற் கேள்வியாளர். பதிகங்கள் பிற்காலத்தார் சேர்த்தவை என்று கருதும் அறிஞரும் உளர். அவ்வாறே ஆயினும், இவ்விரு நூல்களையும் சேர்த்தே எண்ணும் வழக்கம் பழைமையானது என்பதற்குப் பதிகங்களே சான்றாகும்.

காலம் பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. வரந்தரு காதையில் வரும் கயவாகு மன்னனை மகாவமிசம் கூறும் முதலாம் கயவாகுவெனக் கொண்டு, சிலம்பைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினதெனக் கூறினோர் பலர். 5, 6ஆம் நூற்றாண்டுகளுக்குக் கொணர்வோரும், எஸ். வையாபுரிப் பிள்ளை போல இன்னும் பின்னுக்குத் தள்ளுவோரும் உளர். மேகலையின் 29ஆம் காதையிலுள்ள அளவை நூற் செய்திகள் வடமொழிப் பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகர் மரபோடு ஒத்திருத்தலால், அந்நூலின் காலமும் ஆராய்ச்சிக்குரியதாயிற்று. எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் 1928இல் இதுபற்றித் தனிநூலே எழுதினார்.

அச்சில் வந்த வரிசை

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், உ. வே. சாமிநாதையரை நோக்கிச் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என வினவிய நிகழ்ச்சி தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. ஐயர் 1887இல் சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1898இல் மணிமேகலையையும் அச்சிட்டார். திருமயிலை சண்முகம் பிள்ளை 1894இலேயே மேகலையின் மூலத்தை வெளியிட்டிருந்தார்.

சிலம்பிற்கு அரும்பதவுரையும் அடியார்க்கு நல்லார் உரையும் ஐயருக்குக் கிடைத்தன. மேகலைக்குப் பழைய உரையே இல்லை. அது பௌத்த நூல் என்பதும் எளிதில் விளங்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரின் துணைகொண்டு பௌத்தக் கருத்துகளைத் தெளிந்து, தாமே குறிப்புரை எழுதி ஐயர் அதனை வெளியிட்டார். ஆகவே, அச்சுலகில் சிலம்பு முன்னும் மேகலை பின்னும் வந்தன. கதைமுறையும் அச்சுமுறையும் ஒத்தன.

பள்ளியில் மாறும் வரிசை

பள்ளிப் பிள்ளைகளிடம் இவ்வரிசை எளிதில் தலைகீழாகிவிடும். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி சிறுவர் உள்ளத்தைப் பற்றிக்கொள்ளும் பொருள். பசித்தோர்க்கு உணவிடும் அறம் பாடநூலுக்கு ஏற்றது. ஆபுத்திரன் கதை எளிதிற் சொல்லத்தக்கது. கணவன் பரத்தையொடு வாழ்ந்ததையும், மன்னன் தவறிழைத்துக் கொன்றதையும், நகரம் எரிந்ததையும் இளஞ்சிறார்க்கு எவ்வாறு சொல்வதென ஆசிரியர் தயங்குவதும் இயல்பே. ஆகலின், மேகலையை முன்னும் சிலம்பைப் பின்னும் அறிவோர் பலராவர். அவர்களுள் மேகலையோடு நின்றுவிடுவோரும் உண்டு.

நிற்பதற்குக் கூறும் காரணங்கள் மூன்று. கதை தெரிந்துவிட்டது என்பது முதலாவது. மேகலையின் நடை தெளிந்தோடுவது, சிலம்பின் நடை செறிவுடையது என்பது இரண்டாவது. சிலம்பில் மூன்றாவதாக நிற்கும் அரங்கேற்று காதையே வழியை அடைத்துவிடுகின்றது என்பது மூன்றாவது. ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கம், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என அடுக்கிவரும் கலைச்செய்திகளில் மாணவர் களைத்துவிடுகின்றனர். இக்காரணங்கள் வலியற்றவை அல்ல. ஆயினும் இவற்றினும் வலிய காரணம் ஒன்று மறுபக்கத்தில் உண்டு.

தீர்ப்பு முன்னும் வழக்குப் பின்னும்

மேகலையின் 26ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகர் புகுந்து கண்ணகி கோட்டத்தில் வழிபடுகின்றாள். கணவன் இறந்ததும் உயிர் விடாமல் ஊரை எரித்தது ஏன் எனக் கேட்கின்றாள். படிமத்தில் உறையும் கண்ணகி விடை கூறுகின்றாள். துயர் பொறாது எரித்ததையும், மதுராபதித் தெய்வம் பழம்பிறப்பு வினையை உரைத்ததையும் சொல்லி, செய்த நன்மையால் வானுலகில் வாழ்ந்தாலும், சினத்தால் விளைந்த வினையின் பயனைப் பின்னர் நுகர்ந்தே தீரவேண்டும் என்கின்றாள். பல பிறவிகட்குப் பின் புத்தர் அறங்கேட்டு வீடுபெறுதலையும் குறிக்கின்றாள்.

இது சாத்தனார் தம் சமய நெறி நின்று வழங்கிய தீர்ப்பு. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயின், தீர்ப்பை மட்டும் படித்தவர் வழக்கை அறிந்தவராகார். மேகலை ஒன்றையே கற்ற மாணவர்க்குக் கண்ணகி, சினத்தால் வினை தேடிக்கொண்ட ஒரு பெண். சிலம்பைக் கற்றவர்க்கோ, ஒற்றைச் சிலம்போடு அரசவையில் நின்று மன்னனையே தவற்றை ஒப்பவைத்தவள். செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கோயில் எடுத்த தெய்வம். இரண்டையும் அறிந்தவரே, சினம் அறமாகுமா வினையாகுமா என்னும் பெருவினாவை எழுப்ப வல்லவர். இரண்டு நூல்களும் அவ்வினாவுக்கு ஒரே விடை தரவில்லை என்பதே இரட்டைக் காப்பியம் தமிழர்க்கு அளித்த செல்வம். ஒன்றோடு நின்றவர் அச்செல்வத்திற் பாதியை இழக்கின்றனர்.

வேடமும் வாழ்வும்

பின்னதைக் கற்றபின் முன்னதற்கு வருவோர்க்குச் சில தனி ஊதியங்களும் உண்டு. சிலம்பு முழுதும் மாந்தர் பிறிதொருவராகி ஆடுவதும் பாடுவதும் நிகழ்கின்றன. மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறியவள். கடலாடு காதையில் கொடுகொட்டி முதல் கடையம் ஈறாகப் பதினோராடல்களையும் ஆடுகின்றாள். கானல்வரியில் கோவலன் காதலன் ஒருவன் கூற்றாகப் பாட, அவன் மனம் வேறொருத்திபால் சென்றதென மாதவி கருதி, தானும் அவ்வாறே ஒரு தலைவி கூற்றாகப் பாடுகின்றாள். பாட்டில் ஏற்ற வேடத்தை மெய்யெனக் கொண்டு கோவலன் பிரிகின்றான். மூன்று உயிர்களின் வாழ்வு ஒரு விளையாட்டுப் பாட்டில் முறிகின்றது.

ஆய்ச்சியர் குரவையும் அத்தகையதே. பால் உறையாமை முதலிய தீக்குறிகளைக் கண்ட மாதரி, ஏழு பெண்களுக்கு ஏழிசையின் பெயரிட்டு, குரலை மாயவன் என்றும், இளியைப் பலராமன் என்றும், துத்தத்தை நப்பின்னை என்றும் வகுத்து ஆடச் செய்கின்றாள். வரவிருக்கும் கேட்டை ஆட்டத்தால் தடுக்க முயல்கின்றனர் அப்பெண்கள். ஆட்டம் முடிகின்றது, கோவலன் கொலையுண்ட செய்தி வருகின்றது.

இதனை அறிந்தபின் மேகலையை மீண்டும் நோக்குக. இந்திர விழாவில் ஆட வருமாறு சித்திராபதி அழைப்பு விடுக்க, மாதவி மறுக்கின்றாள். மணிமேகலையைக் கண்ணகியின் மகளென்றே கூறுகின்றாள். அரங்கில் தலைக்கோல் பெற்றவள் அரங்கையே விலக்குகின்றாள் என்பதன் பாரம், அவள் அரங்கேறியதைக் கண்டவர்க்கே விளங்கும். ஆடலைத் துறந்த மகளும் வேடத்தைத் துறக்க முடியவில்லை. காயசண்டிகை வடிவு கொள்கின்றாள். அவ்வடிவால் மயங்கிய காஞ்சனன் உதயகுமரனை வெட்டுகின்றான். தாயின் வேடப் பாட்டு கோவலனைப் பிரித்தது. மகளின் வேட வடிவு உதயகுமரன் உயிரைக் கொண்டது. இளம்பெண்ணுக்குச் சமயவாதிகள் பொருளுரையார், ஆகலின் வேற்றுரு எடுக்க என வஞ்சியில் அவளுக்கு வழி சொல்வதும், தன் வாழ்நாளில் வேடமே ஏலாத கண்ணகிதான்! முன்னதைக் கல்லாதார்க்கு இத்தொடர்பு புலப்படாது.

புகார் நகரமும் அவ்வாறே. அது கடல்கொண்டு அழிந்ததை மேகலை சொல்லுகின்றது. அதை அறிந்தபின் சிலம்பின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையைப் படிப்பவர்க்கு, மருவூர்ப்பாக்கத்தின் ஒவ்வொரு கடைத்தெருவும் இனி இல்லாத தெருவாகத் தோன்றும். பூம்புகாரை அடுத்த கீழையூரில் செங்கற் படகுத்துறையும், பல்லவனேச்சுரத்தில் பௌத்த விகாரமும் அகழ்ந்து காணப்பட்டமை இவ்வுணர்வை மேலும் கூர்மையாக்கும். முடிவு தெரிந்திருத்தல் சுவையைக் கெடுக்கும் என்பார் கூற்று இவ்விடத்து நில்லாது.

பிற சான்றுகள்

தமிழில் இவ்வாறு முன்பின் மாறிய நூல்கள் வேறும் உண்டு. கம்பர் முடிசூட்டோடு காப்பியத்தை நிறுத்தினார். அதன்மேல் நிகழ்ந்தவற்றைக் கூறும் உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகின்றது. இக்காலத்தே கல்கி, நரசிம்ம பல்லவர் முதுமைக் காலத்தைக் கூறும் ‘பார்த்திபன் கனவை’ 1940களின் தொடக்கத்தில் எழுதி, அவர் இளமைக் காலத்தைக் கூறும் ‘சிவகாமியின் சபதத்தை’ 1944 முதல் 1946 வரை பின்னர் எழுதினார். பார்த்திபன் கனவைப் படித்த தமிழ் மக்கள், நரசிம்மர் நாடு திரும்புவார் என்பதை அறிந்தே சிவகாமிக்காக வாரந்தோறும் காத்திருந்தனர்.

ஆசிரியர் செய்யத்தக்கது

ஆகவே, பின்னதைக் கற்றார்க்கு முன்னது வேண்டும் என்பதே முடிபு. ஆனால் முப்பது காதைகளையும் முறையே படித்தாக வேண்டும் என வற்புறுத்தின் மாணவர் வாயிலிலேயே திரும்பிவிடுவர். மேகலையை அறிந்த மாணவர்க்குக் கானல்வரியை முதலிற் காட்டுதல் தகும். அடுத்து, மணிமேகலைக்குப் பெயரிட்ட வரலாற்றை மாடலன் கூறும் அடைக்கலக் காதை. பின் ஆய்ச்சியர் குரவை, வழக்குரை காதை, வரந்தரு காதை. வரந்தரு காதையில் தேவந்தி மணிமேகலையின் துறவைச் சொல்லும்போது, தாம் முன்பே அறிந்த ஒருத்தியை மாணவர் மீண்டும் சந்திப்பர். அதன்பின் மேகலையின் 26ஆம் காதையைத் திரும்பப் படித்தல் வேண்டும். அரங்கேற்று காதை இறுதியில் இருக்கட்டும். மாதவியை அறிந்தவர்க்கு அவள் ஏறிய அரங்கின் அளவு சுமையாகாது.

மலாயாத் தோட்டங்களில் கோயில் திருவிழா இரவுகளில் கூத்தும் நாடகமும் நடைபெற்ற காலத்தில், விடியலில் பால்மரம் சீவியவரே இரவில் அரசராகவும் வணிகராகவும் வேடமேற்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் நாடகமாக்கிய கோவலன் கதையை, ஏடறியாதோரும் மேடைவழி அறிந்தனர். தென்பேராக்கின் சிலிம் ரிவர் வட்டாரத்தில் இன்று வளரும் பிள்ளைகள் பலர்க்கு, அத்தோட்ட வாழ்வு தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட முற்பகுதி. சிலிம் ரிவர் என்றதும் 1942 சனவரி 7ஆம் நாள் நிகழ்ந்த போரைக் குறிக்கும் நூல்கள் உண்டு. போருக்கு முன்பே அங்குக் காடு திருத்தி மரம் நட்டவர் வரலாற்றைக் கேட்டறிய வேண்டியவர் அப்பிள்ளைகளே.

பிற்பகுதியில் பிறந்தவர் முற்பகுதியைத் தேடுதல், நூலிலும் வாழ்விலும் ஒரே பயிற்சிதான். மேகலையை மூடியபின் சிலம்பைத் திறக்கும் மாணவர் அப்பயிற்சியைத் தொடங்கிவிட்டார். அவர் கையில் அந்நூலைக் கொடுப்பது தமிழாசிரியர் கடமை.