ஆர்த்துரோ டோஸ்கானினி: மறுக்கத் தெரிந்த இசை நடத்துநர்

ஆர்த்துரோ டோஸ்கானினி (1867–1957) இத்தாலியைச் சேர்ந்த புகழ்பெற்ற இசை நடத்துநர். மேலை இசையில் நடத்துநர் எக்கருவியையும் வாசிப்பதில்லை. கையில் சிறு கோலுடன் முன்னே நின்று, கலைஞர்கள் அனைவரையும் ஒரே காலகதியில் இணைப்பது அவர் பணி. இசை இயக்குநராகவும் பொறுப்பேற்றால், மேடையில் எது ஒலிக்கலாம், எது ஒலிக்கக் கூடாது என்பதையும் அவரே முடிவு செய்வார். அந்த உரிமையை டோஸ்கானினி ஆட்சியாளருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

தொடக்கம்

பார்மா நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்த அவர், அங்குள்ள இசைக் கல்லூரியில் செலோ என்னும் நரம்புக் கருவியைக் கற்றார். 1886இல் இத்தாலிய இசை நாடகக் குழுவில் செலோ கலைஞராகப் பிரேசில் சென்றார். ரியோ டி ஜெனிரோவில் நடத்துநர் விலகிவிட, மாற்றாக வந்தவர்களை மக்கள் கூச்சலிட்டு விரட்டினர். அப்போது 19 வயதான டோஸ்கானினி கோலை எடுத்து, வெர்டியின் 'ஐடா' நாடகத்தை இசைக்குறிப்பைப் பாராமலே நடத்தி முடித்தார். கண்பார்வை குன்றியிருந்ததால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வது அவர் வழக்கம்.

1898இல் மிலான் நகரின் லா ஸ்கலா அரங்கில் தலைமைப் பொறுப்பேற்றார். காட்சியின் நடுவே பாடலைத் திரும்பப் பாடச் சொல்லும் ரசிகர் பழக்கத்தை எதிர்த்தார். படைப்பாளர் எழுதியதே ஒலிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒத்திகையில் கடுஞ்சினம் கொள்பவர் என்றும் பெயர் பெற்றிருந்தார். 1908 முதல் 1915 வரை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பெராவில் பணியாற்றினார்.

பாசிசத்துடன் மோதல்

டோஸ்கானினி தொடக்கத்திலேயே பாசிச எதிர்ப்பாளராக இருந்தவர் அல்லர். 1919 தேர்தலில் முசோலினியின் வேட்பாளர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது, அப்பட்டியல் தோற்றது. விரைவில் அவர் அந்த இயக்கத்தை வெறுத்து விலகினார்.

முசோலினி ஆட்சிக்கு வந்தபின், 'ஜியோவினேத்சா' என்னும் கட்சிப் பாடலை அரங்குகளில் இசைக்கும்படி வற்புறுத்தல் எழுந்தது. லா ஸ்கலாவில் அதற்கு டோஸ்கானினி இடம் தரவில்லை. 1931 மே 14 அன்று போலோனியா நகரில், மறைந்த இசையமைப்பாளர் மார்த்துச்சியின் நினைவு நிகழ்ச்சியிலும் அப்பாடலை இசைக்க மறுத்தார். அரங்க வாயிலில் பாசிசத் தொண்டர்கள் 64 வயதான அவரை முகத்தில் அறைந்தனர். நிகழ்ச்சி நடைபெறவில்லை. அவரது கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டுப் பின்னரே திரும்பக் கிடைத்தது.

1933இல் ஜெர்மனியில் யூதக் கலைஞர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, இட்லரே கடிதம் எழுதியும் பைராய்ட் இசை விழாவுக்குச் செல்ல மறுத்தார். 1936 திசம்பரில், ஐரோப்பாவில் வாழ்விழந்த யூதக் கலைஞர்களைக் கொண்டு வயலின் மேதை ஊபர்மான் உருவாக்கிய பாலத்தீன இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சியை டெல் அவீவ் நகரில் ஊதியமின்றி நடத்தினார். 1938இல் ஆஸ்திரியாவின் சால்சுபர்க் விழாவையும் துறந்தார்.

அமெரிக்காவும் மீள்வருகையும்

நியூயார்க்கில் என்.பி.சி. வானொலி அவருக்கென ஓர் இசைக்குழுவை அமைத்தது. 1937 முதல் 1954 வரை அவர் நடத்திய இசை, வானொலி வழியே அரங்குக்குச் செல்ல இயலாத எளிய மக்களின் வீடுகளையும் எட்டியது.

போரில் குண்டுவீச்சால் சிதைந்த லா ஸ்கலா, 1946 மே 11 அன்று டோஸ்கானினியின் நிகழ்ச்சியுடன் மீண்டும் திறக்கப்பட்டது. யூதர் என்பதற்காக முன்பு நீக்கப்பட்ட பாடகர் குழுத் தலைவர் வெனெத்சியானியும் அந்த அரங்கிற்குத் திரும்பினார்.