பிளாப்பிக்குள் கிடக்கும் தமிழ்

ஓலைச்சுவடிகள் கரையானுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் போன கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியதும் நமக்குத் தெரியும். ஆனால் நம் காலத்திலேயே, நம் வீட்டு அலமாரியிலேயே ஒரு பகுதித் தமிழ் அழிந்துகொண்டிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1985 முதல் 2005 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கணினியில் அடிக்கப்பட்ட தமிழைத்தான் சொல்கிறேன். அந்தக் கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் பெரும்பாலும் புரியாத குறிகள்தான் வரும்.

காரணம் எளிது. அன்றைய கணினியில் எழுத்துகளுக்கு 256 இடங்கள்தான். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விட்டன. மிச்சத்தில் நம் 247 எழுத்துகள் எப்படி அடங்கும்? ஆகவே கால், கொம்பு, புள்ளி என்று பிரித்து அடுக்கினார்கள். சிலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் நமக்கு 'அம்மா' என்று தெரிவது, கணினிக்கு ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் மட்டுமே. எழுத்துரு இல்லையென்றால் அம்மாவும் இல்லை.

ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 'இஸ்கி' குறியீடு 1991இல் தர நிர்ணயம் பெற்றது. புனேயின் சி-டாக் நிறுவனம் அதற்கு 'ஜிஸ்ட்' அட்டையைக் கொண்டுவந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் எழுதியவர்கள் பலர் 'திஸ்கி'யைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருங்குறியில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரண மேசைக் கணினிக்கு எட்டியது. அதுவரை ஊருக்கு ஊர், அச்சகத்துக்கு அச்சகம் தனித்தனி எழுத்துருதான்.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஒருவர், என் நெருங்கிய நண்பர், 1996இல் எங்கள் ஏரியின் வரலாற்றை 84 பக்கத்தில் எழுதினார். மதகுகள், அவற்றின் பாய்ச்சல் நிலங்கள், மராமத்து முறை எல்லாம் முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்தது. கடைத்தெரு டிடிபி நிலையத்தில் அடித்து நூறு படிகள் போட்டார். இன்று ஒரு படிகூட முழுதாக இல்லை. நண்பரும் இல்லை, தகவல் சொன்ன பெரியவர்களும் இல்லை. ஏரியின் ஒரு பக்கம் வீட்டுமனை ஆகிவிட்டது. மிஞ்சியவை அவர் மனைவி புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த மூன்று பிளாப்பிகள்.

நல்லவேளையாக, அந்த டிடிபி நிலையத்தை மூடியபோது அதன் பழைய 486 கணினியை 600 ரூபாய்க்கு நான் வாங்கி வைத்திருந்தேன். அதில் விண்டோஸ் 3.1, பேஜ்மேக்கர், அந்த நிலையத்தார் தங்களுக்கென்று மாற்றியமைத்த எழுத்துரு, எல்லாம் இருந்தன. பிளாப்பியைப் படிக்க யுஎஸ்பி டிரைவ் இன்றும் கிடைக்கும். அந்த எழுத்துரு வேறெங்கும் கிடைக்காது. இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றிகளுக்கும் அது தெரியவில்லை.

இத்தகைய கணினியைப் பேணுவது பெரிய வித்தை அல்ல, பொறுமைதான் வேண்டும். முதல் எதிரி மதர்போர்டில் பற்றவைத்திருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி. நாளடைவில் அது கசிந்து செம்புக் கோடுகளை அரித்துவிடும். அதை வெட்டி எடுத்துவிட்டு, கசிந்த இடத்தை வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தேன். பழைய ஹார்டு டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அதை அப்படியே நகலெடுத்து, காம்பேக்ட் ஃபிளாஷ் என்னும் பழைய கேமரா அட்டைக்கு மாற்றினேன். சிறு இணைப்பான் ஒன்று போதும், கணினி அதை ஹார்டு டிஸ்க் என்றே நம்பிவிடும். பழைய குழாய்த் திரையை மட்டும் யாரும் திறந்து பார்க்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டு பிளாப்பிகள் முழுமையாகத் திறந்தன. திரையில் தெரிந்த எழுத்தையும் அதன் எண்ணையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டேன். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் அதை வைத்து ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது பிளாப்பியில் பூஞ்சை. உறையைப் பிரித்துத் தட்டைத் துடைத்துப் பலமுறை படிக்க வைத்தும் ஏழு பக்கங்கள் வரவேயில்லை. கடைசி இரண்டு மதகுகளின் பாய்ச்சல் விவரம் அதில்தான் இருந்தது. அது போனது போனதுதான்.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் இதே கதைதான். நம் அலுவலகக் கணினிகளில் பலர் ஒளிந்து விளையாடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை 1989இல் உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர். அதன் மூல நிரல் தொலைந்துவிட்டதென்றே இருந்தார். 2012இல் அவர் தந்தையின் வீட்டு அலமாரியில் பிளாப்பிகள் அகப்பட்டன. பழைய ஆப்பிள் கணினிகளைப் பேணி வந்த ஆர்வலர்கள் உதவிக்கு வந்ததால்தான் அவற்றைப் படிக்க முடிந்தது. பிளாப்பி கிடைத்தும் அதைப் படிக்கும் பொறி இல்லாவிட்டால் என்ன பயன்?

உங்கள் வீட்டிலும் கோயில் மலர், சங்க ஆண்டறிக்கை, யாரோ எழுதிய குடும்ப வரலாறு என்று ஏதாவது பிளாப்பியில் இருக்கலாம். அதை எடைக்குப் போடும் முன் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஈரமில்லாத டப்பாவில், ஸ்பீக்கர் போன்ற காந்தப் பொருள்களுக்கு எட்டாமல் வையுங்கள். எந்த எழுத்துருவில், எந்தக் கடையில் அடித்தது என்று நினைவிருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். பிறகு படிக்க முயல்பவருக்கு அந்தச் சீட்டுதான் திறவுகோல்.

மீட்ட 77 பக்கங்களையும் அச்செடுத்து எங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். இரண்டு படிகள் உள்ளன. வேண்டியவர்கள் போய்ப் படிக்கலாம்.