ஆக்ரா விவாதமும் வேதத்தில் இடைச்செருகலும்

வெம்பாக்கம், ஆரணி வட்டாரத்தில் நம் இளைஞர்கள் கிறித்தவ நண்பர்களிடம் "உங்கள் வேதம் மாற்றப்பட்டது" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை உழைப்பு இருக்கிறது என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில் ஆக்ராவில் மவ்லானா ரஹ்மதுல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்களும் ஜெர்மானியப் பாதிரியார் ஃபாண்டரும் பொதுமக்கள் முன்னிலையில் விவாதித்தனர். மவ்லானாவுக்குத் துணைநின்ற டாக்டர் வஸீர் கான், ஐரோப்பியக் கிறித்தவ அறிஞர்களே எழுதிய விவிலிய ஆய்வு நூல்களைத் திரட்டித் தந்தவர். எதிர்த்தரப்பின் நூல்களைப் படித்துவிட்டே மேடையேறினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று எனக் கூறும் பகுதி பழைய கிரேக்கச் சுவடிகளில் இல்லை. எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக்குப் பின் 1522இல் சேர்த்தார். தமிழில் பழைய மொழிபெயர்ப்பில் அது இன்றும் உண்டு. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் மூலபாடத்தில் இல்லை. இத்தகைய சில இடங்களை ஃபாண்டர் ஒப்புக்கொண்டார். ஆயினும், அவை படியெடுத்தோரின் பிழைகளே, அடிப்படைக் கொள்கைக்கு அவற்றால் ஊறில்லை என்றார். சில இடங்களில் கைவைக்கப்பட்ட நூலின் ஏனைய இடங்களுக்கு யார் பொறுப்பு என்பது மவ்லானாவின் கேள்வி. அது இன்றும் வலுவான கேள்விதான்.

அல்பகரா 79ஆம் வசனம் தம் கையால் எழுதியதை இறைவனுடையது என்போரைக் கண்டிக்கிறது. ஆனால் தஹ்ரீஃப் எத்தகையது என்பதில் நம் அறிஞர்களும் ஒரே கருத்தினர் அல்லர். இப்னு ஹஸ்ம் சொற்களே மாற்றப்பட்டன என்றார். இப்னு கல்தூனோ பொருள் திரிக்கப்பட்டது என்ற கருத்தின் பக்கம் சாய்ந்தார். அறிவிப்பாளரின் விளக்கம் நபிமொழியோடு கலந்துவிடுவதை நம் ஹதீஸ் கலை 'முத்ரஜ்' என்று பெயரிட்டே பிரித்தெடுக்கிறது; கதீப் அல்பக்தாதீ அதற்கெனத் தனி நூலே எழுதினார். படியெடுப்போரின் ஓரக்குறிப்பு மூலத்தில் நுழைவது எப்படி என்பதை அறிந்த சமுதாயம் நாம். அண்டை வீட்டாரிடம் அதை ஏளனமாகப் பேச நமக்கு என்ன தேவை?

1857 கிளர்ச்சிக்குப் பின் மவ்லானா மக்கா சென்றார். சுல்தான் அப்துல் அஸீஸின் வேண்டுகோளின்படி 'இஸ்ஹாருல் ஹக்' நூலை அரபியில் எழுதினார். மக்காவில் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர், வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியை நிறுவிய அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்).