பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டமும் ஊடகத் தொடர்பும்

ஒரு நிறுவனம் சொல்ல விரும்புவதை, வாசகர் அறிய விரும்பும் செய்தியாக்கித் தருவதே மக்கள் தொடர்புப் பணியில் செய்தியாளரை அணுகும் கலை. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் போனால் என்ன நேரும் என்பதைத் தேனி மாவட்டத்தின் நியூட்ரினோ ஆய்வக வரலாறு காட்டுகிறது. அத்திட்டம் முடங்கியதற்குச் சட்டச் சிக்கல்களும் அரசியல் எதிர்ப்பும் முக்கியக் காரணங்கள். எனினும், செய்திகளில் அது அறிமுகமான விதத்தில் மக்கள் தொடர்பு பயில்வோர் கற்கவேண்டியவை பல உண்டு.

பின்னணி

கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில் வளிமண்டல நியூட்ரினோக்கள் 1965-இல் பதிவு செய்யப்பட்டன. உலகின் முதல் பதிவுகளுள் ஒன்றான அதில் இந்திய அறிவியலாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சுரங்க ஆய்வகம் மூடப்பட்டபின், புதிய ஆய்வகத்துக்கு முதலில் நீலகிரியின் சிங்காரா தேர்வானது. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் இருந்ததால் 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. பிறகு தேனி மாவட்டம் தேவாரம் அருகிலுள்ள பொட்டிப்புரம் மலை தேர்வானது.

மலைக்குள் சுமார் 2 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை அமைத்து, அதன் முடிவில் சுமார் 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டிய இரும்புக் கருவியை நிறுவுவது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

இரண்டு கேள்விகள்

அறிவியலாளர்கள் துகளை விளக்கினார்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி கடந்து செல்கின்றன, அவற்றால் தீங்கில்லை. இவ்விளக்கம் சரியானது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு கேட்ட கேள்வி வேறு: மலையை உடைத்தால் அணைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும்?

அந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு. 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையின் நீரை நம்பியே இப்பள்ளத்தாக்கின் நெல் வயல்கள் உள்ளன. அணைப் பிரச்சினைக்காக 2011 டிசம்பரில் கம்பம், கூடலூர் மக்கள் திரளாகத் தெருவில் இறங்கினர். அதே ஆண்டில்தான் புகுஷிமா விபத்தும் கூடங்குளம் போராட்டமும் நிகழ்ந்தன. நியூட்ரினோ திட்டமோ அணுசக்தித் துறையின் நிதியில் வந்தது. அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்ற ஐயம் எளிதில் பரவ இதுவும் ஒரு காரணம்.

வைகோவும் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் திட்டத்தை எதிர்த்தபோது அணை, மலை, நிலத்தடி நீர் ஆகியவற்றைப் பேசினர். மாவட்டச் செய்தியாளருக்கு இது உடனே தலைப்பாகும். துகள் இயற்பியல் ஆகாது. கட்டுப்படுத்தப்பட்ட வெடிவைப்பே நடக்கும், அதன் அதிர்வு அணைகளை எட்டாது, அணுக்கழிவு எதுவும் வராது என்று திட்டத்தார் விளக்கினார்கள். ஆனால் அவ்விளக்கம் பெரும்பாலும் மறுப்பாகவே வாசகரை அடைந்தது. முதலில் வந்தது குற்றச்சாட்டு. பின்னால் வந்தது பதில்.

ஆவணமும் நம்பகத்தன்மையும்

2015 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கக் கூடாது என்றது. 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரம் இல்லாததும் அங்கு முக்கியமாயின. இத்தகைய குறையை எந்தச் செய்திக் குறிப்பாலும் மூட முடியாது. குறையைச் செய்தியாளர் தாமே கண்டுபிடித்தால், அதன்பின் நிறுவனம் சொல்லும் உண்மையும் ஐயத்தோடுதான் பார்க்கப்படும்.

அமெரிக்காவில் ஐவி லீ 1906-இலேயே இதை உணர்ந்திருந்தார். அவ்வாண்டு ரயில் விபத்து ஒன்று நடந்தபோது, அதை மறைக்காமல் ரயில் நிறுவனத்தின் பெயரிலேயே செய்தி அறிக்கை கொடுத்தார். செய்தி அறிக்கையின் தொடக்கங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

செய்தியாளரை அணுகுவோருக்கு

1. யாருக்கான செய்தி என்பதை முதலில் முடிவு செய்க. சென்னை அறிவியல் பகுதிக்கு ஒரு குறிப்பு, தேனி பதிப்புக்கு வேறொரு குறிப்பு வேண்டும்.
2. ஊரார் முதலில் கேட்கப்போகும் கேள்விக்கான பதில் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.
3. எதிர்ப்பு எழுவதற்கு முன்பே பகுதி நிருபர்களைச் சந்தித்து, இடத்தை நேரில் காட்டுக.
4. அனுமதி ஆணை, ஆய்வறிக்கை, வரைபடம் ஆகியவற்றைச் சேர்த்துத் தருக. நிலுவையில் உள்ள அனுமதியையும் குறிப்பிடுக.
5. தமிழில் பேசக்கூடிய, தொலைபேசியில் உடனே கிடைக்கும் ஒருவரை நியமிக்க. அச்சுக்குப் போகும் நேரம் தாண்டி வரும் விளக்கம் அடுத்த நாளுக்கே உதவும்.

பிந்தைய நிலை

2018 மார்ச்சில் மத்திய அரசு மீண்டும் சுற்றுச்சூழல் அனுமதி தந்தது. அவ்வாண்டு நவம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அதை ஏற்றாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் தேவை என்றது. 2021 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் கோரினார். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.