கோலிங் பெல் பொத்தானும் பியானோ சத்தமும்

போன மாதம் தரம் 11 வகுப்பில் ஒலி பற்றிய பாடம். ஒரே சுருதியில், ஒரே உரப்பில் வாசித்தாலும் பியானோவையும் ஆர்மோனியத்தையும் நம் காது வேறுபிரித்து அறிகிறதே, அதற்குக் காரணம் அலையின் வடிவம் என்று வழக்கம்போலச் சொன்னேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.

"சேர், பியானோ சத்தத்தைப் போன்ல ரிவேர்ஸ் பண்ணினா ஆர்மோனியம் மாதிரிக் கேக்குது. அதே சத்தம்தானே, ஏன் மாறுது?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். இத்தனை வருடமாக அரைப் பதிலைத்தான் கொடுத்து வந்திருக்கிறேன் என்று அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. (இசை கூடுமா கூடாதா என்று கமெண்டில் தொடங்கிவிடாதீர்கள். இது பௌதிகம்.)

மறுபாதிப் பதில் சிந்தசைசரின் வரலாற்றில் இருக்கிறது. 1963 நவம்பரில், நியூயோர்க் மாநிலப் பாடசாலை இசை ஆசிரியர்களின் மாநாட்டில் இரண்டு பேர் சந்திக்கிறார்கள். ஒருவர் ரொபர்ட் மோக், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். மற்றவர் ஹேர்பேர்ட் டொய்ச், இசை ஆசிரியர். அந்தக் காலத்தில் மின்னணு இசை என்றால் ஒலிநாடாவைப் பிளேட்டால் வெட்டி ஒட்டுகிற வேலை. ஒரு சத்தம் மெதுவாகத் தொடங்க வேண்டுமா, நாடாவைச் சரிவாக வெட்ட வேண்டும். சில நிமிட இசைக்கு எத்தனையோ நாள் போகும்.

1964 கோடையில் ட்ரூமன்ஸ்பேர்க் என்ற சிறிய ஊரில் மோக்கின் பட்டறையில் இருவரும் வேலை செய்தார்கள். மோக்கின் யோசனை எளிமையானது: ஒலியை வோல்ற்றளவால் ஆளுவது. ஒசிலேற்றருக்குக் கொடுக்கும் அழுத்தம் ஒரு வோல்ற்று கூடினால் மீடிறன் இரு மடங்காகும். ரம்பப் பல் போன்ற அலையில் அடிப்படை மீடிறனின் 2, 3, 4 மடங்குகள் எல்லாம் கலந்திருக்கும். பின்னர் சேர்த்த வடிகட்டி அவற்றில் மேலே உள்ளவற்றைக் குறைத்து ஒலியை மென்மையாக்கும். என் பாடம் இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

டொய்ச்சுக்கு அது போதவில்லை. விசையை அமத்தினால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது, உயிரில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பிறப்பும் இறப்பும் வேண்டும் என்பது அவர் கேட்டதன் சாரம். மோக் அவரை எதிரே இருந்த ஹார்ட்வெயார் கடைக்கு அனுப்பி ஒரு கோலிங் பெல் பொத்தான் வாங்கிவரச் சொன்னார். பொத்தானை அமத்தியதும் ஒரு கொள்ளளவி ஏற்றம் பெறும், விட்டதும் மெல்ல இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் விரியலாக்கியைத் திறந்து மூடியது. சத்தம் எழுந்து தேய்ந்து அடங்கியது!

1965 இல் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை நிலையத்தின் விளாடிமிர் உசாச்செவ்ஸ்கி இதையே ஒழுங்காக நான்கு கட்டமாக்கிக் கேட்டார்: எழும் நேரம், முதல் இறக்க நேரம், நிலைத்து நிற்கும் அளவு, விட்டபின் அடங்கும் நேரம். இன்றைய சிந்தசைசர்களில் காணும் அந்த நான்கு திருகிகள் அங்கிருந்து வந்தவை.

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். பியானோ சட்டென்று எழுந்து மெல்லத் தேயும். திருப்பிப் போட்டால் மெல்ல எழுந்து சட்டென்று அறும். உள்ளே இருக்கும் மீடிறன்கள் அவையேதான். ஆனால் அடித்த சத்தம் போய், காற்று ஊதிய சத்தமாகக் காதுக்குப் படுகிறது.

அடுத்த நாள் மடிக்கணினியில் ஓர் இலவச சிந்தசைசர் மென்பொருளைப் போட்டுக் காட்டினேன். அலை ஒன்றே. எழும் நேரத்தைப் பூச்சியமாக்கினால் தந்தியைச் சுண்டியது போல. அரைச் செக்கன் ஆக்கினால் வில்லால் இழுத்தது போல. வகுப்பே வாயை மூடிக் கேட்டது.

மணி அடிக்கும் நேரத்தில் அதே பிள்ளை கேட்டாள்: "அப்ப சோதனையில எதை எழுதுற சேர்?"

புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள் என்றேன். சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.